“குளிர் தூக்கித் தூக்கிப் போட்டது, காய்ச்சல் மட்டும் இல்லை!” – வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

காய்ச்சலைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. நன்றாக இருந்தவருக்குத் திடீரென்று குளிரெடுத்து, அடக்க முடியாமல் உடம்பு உதறுவது ஏன் என்பதுதான் அது. எனவே இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் கணவருக்கு வயது 61. பத்து நாட்களுக்கு முன் மாலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், ‘என்னவோ குளிர்கிறதே’ என்றார். ஐந்து நிமிடத்தில் பற்கள் தந்தியடிக்க, உடம்பு முழுவதும் உதறத் தொடங்கிவிட்டது. இரண்டு கம்பளிகளைப் போர்த்திய பிறகும் கட்டிலே ஆடியது. தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தேன், 98.4 டிகிரிதான் காட்டியது. அரை மணி நேரத்தில் நடுக்கம் அடங்கியது. பிறகு உடம்பு அனலாய்க் கொதித்தது. நள்ளிரவில் வியர்த்துக் கொட்டியது. காலையில் எதுவும் நடக்காததுபோல் எழுந்து வேலைக்குப் போய்விட்டார். நேற்று முன்தினம் மறுபடியும் அப்படியே வந்தது. ‘காய்ச்சல்தான் இல்லையே, இது நரம்புத் தளர்ச்சி’ என்கிறார் உறவினர் ஒருவர். காய்ச்சல் இல்லாமல் இப்படி நடுங்குமா? சில மாதங்களாக இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுகிறார் என்பதைத் தவிர அவருக்கு வேறு தொந்தரவு எதுவும் இல்லை.

பதில்: உங்கள் கணவருக்கு வந்தது காய்ச்சல்தான். நீங்கள் தெர்மாமீட்டர் வைத்த நேரத்தில் அது இன்னும் ஏறத் தொடங்கியிருக்கவில்லை, அவ்வளவே.

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் என்றொரு சிறு பகுதி இருக்கிறது. உடம்பின் வெப்பம் எந்த அளவில் நிற்க வேண்டும் என்று நிர்ணயிப்பது அதுதான். கிருமிகள் ரத்தத்தில் கலந்தாலோ, அவற்றின் நச்சுப் பொருட்கள் வெள்ளணுக்களைத் தூண்டினாலோ, அந்த அணுக்கள் சில வேதிப்பொருட்களை வெளிவிடுகின்றன. அவற்றின் விளைவாக மூளையில் புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உருவாகி, ஹைப்போதலாமஸ் வைத்திருக்கும் அளவை 98.4-இலிருந்து, எடுத்துக்காட்டாக, 103-க்கு உயர்த்திவிடுகிறது. அந்த நொடியில் உடம்பு 98.4-இல்தான் இருக்கிறது, மூளையோ 103 வேண்டும் என்கிறது. இந்த இடைவெளியைத்தான் நாம் குளிராக உணர்கிறோம். தோலிலுள்ள ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, விரல்கள் சில்லிட்டு வெளுக்கின்றன, நகங்கள் நீலம் பாய்கின்றன, மயிர்க்கால்கள் குத்திட்டு நிற்கின்றன. அதுவும் போதாமல் தசைகள் நம்மைக் கேட்காமலே சுருங்கி விரிந்து வெப்பத்தை உண்டாக்குகின்றன. அந்த வேலைதான் வெளியே உதறலாகத் தெரிகிறது. வெப்பம் 103-ஐத் தொட்டதும் தசைகளுக்கு வேலை இல்லை, நடுக்கம் நின்றுவிடுகிறது. பார்ப்பவர்கள் ‘அப்பாடா, விட்டுவிட்டது’ என்று மூச்சுவிடும் நேரத்தில்தான் காய்ச்சல் உச்சியில் இருக்கிறது. பின்னர் மூளை தன் அளவைத் தாழ்த்தும்போது, மிஞ்சிய வெப்பத்தை வெளியேற்ற வியர்வை கொட்டுகிறது. நீங்கள் எழுதியிருக்கும் குளிர், கொதிப்பு, வியர்வை ஆகிய மூன்றும் இந்த வரிசையிலேயே வந்திருப்பதைப் பாருங்கள்.

ஆகவே நடுங்கும்போது ஒருமுறை பார்த்துவிட்டுத் தெர்மாமீட்டரை உறைக்குள் போட்டுவிடக் கூடாது. நடுக்கம் நின்று அரை மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அதன்பின் மணிக்கு ஒருமுறை பார்த்து, நேரத்தோடு ஒரு தாளில் குறித்துவைக்க வேண்டும். பற்கள் அடித்துக்கொண்டிருக்கும் வாயில் கண்ணாடித் தெர்மாமீட்டரை வைத்தால் உடைந்துவிடும், அக்குளில் வையுங்கள். நெற்றியையோ கையையோ தொட்டுப் பார்த்து முடிவு செய்வதும் பயன்படாது, ஏனென்றால் அந்த நேரத்தில் தோல் சில்லென்றுதான் இருக்கும்.

நடுக்கத்தின் அளவையும் சொல்ல வேண்டும். மேலே ஒரு துணி இருந்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றும் குளிர் ஒன்று. கனமான கம்பளி கேட்கும் குளிர் இன்னொன்று. கம்பளிக்குள்ளும் உடம்பு முழுவதும் உதறி, பற்கள் அடித்துக்கொள்ளும் குளிர் மூன்றாவது. முதலாவது சாதாரண வைரஸ் காய்ச்சலில் அன்றாடம் காண்பது. மூன்றாவது வந்தால், பாக்டீரியா ரத்தத்தில் கலந்திருக்கலாம் என்ற சந்தேகத்தோடுதான் மருத்துவர்கள் அணுகுவார்கள். கடுமையான ஃபுளூ காய்ச்சலிலும் இந்த மூன்றாம் வகை வருவதுண்டு. ஆனாலும், என்னைக் கேட்டால், தெர்மாமீட்டர் காட்டும் எண்ணைவிடக் கட்டில் ஆடியது என்ற உங்கள் ஒரு வரிதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது.

இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுகிறார் என்று கடிதத்தின் கடைசியில், ஏதோ ஞாபகம் வந்தாற்போல் எழுதியிருக்கிறீர்கள். நான் தொடங்குவது அந்த இடத்தில்தான். அந்த வயதில் புராஸ்டேட் சுரப்பி வீங்கி, சிறுநீர்ப்பை முழுவதும் காலியாகாமல் சிறுநீர் தேங்குவது சாதாரணமாக நடப்பது. தேங்கிய சிறுநீரில் கிருமிகள் பெருகிச் சிறுநீரகத்துக்கோ, புராஸ்டேட்டுக்கோ, அங்கிருந்து ரத்தத்துக்கோ பரவும்போது இதே மாதிரியான குளிர்நடுக்கம் வரும். எரிச்சலோ வலியோ இல்லாமலேயே வருவதும் உண்டு. இதுதான் காரணம் என்று பார்க்காமல் சொல்ல முடியாது. பித்தநாளத்தில் கல் அடைத்துக் கிருமி தொற்றினாலும் குளிர்நடுக்கம் விட்டுவிட்டு வரும். அதனுடன் வலப்பக்க மேல்வயிற்று வலியும் மஞ்சள் காமாலையும் சேர்ந்திருந்தால் அதற்கு ‘சார்கோவின் மும்மை’ என்று பெயர். ஜான் மார்ட்டின் சார்கோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1877-இல் விவரித்தது இன்றும் வகுப்பறைகளில் சொல்லித்தரப்படுகிறது. நிமோனியா, மலேரியா, உடம்புக்குள் எங்கோ கட்டிய சீழ் ஆகியவையும் பட்டியலில் உண்டு.

அவரை இன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். சிறுநீர்ப் பரிசோதனை, ரத்த அணுக்களின் எண்ணிக்கை, சர்க்கரை, மலேரியாப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன் ஆகியவற்றோடு, சிறுநீரையும் ரத்தத்தையும் ‘கல்ச்சர்’ செய்யக் கேட்பார்கள். இந்தக் கல்ச்சருக்காகவே ஒரு வேண்டுகோள்: வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக் மாத்திரையில் இரண்டைக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். அரைகுறையாக அடிபட்ட கிருமி பரிசோதனைக் கூடத்தில் வளராது. எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு போய்விடும். மூச்சு வேகமாக வாங்குவது, பேச்சு குழறுவது அல்லது மனம் குழம்புவது, சிறுநீர் குறைவது, எழுந்து நின்றால் மயங்குவது, தோலில் திட்டுத்திட்டாக நீலம் படர்வது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் காலைவரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கிருமித் தொற்றுக்கு உடம்பு நிலைகுலையத் தொடங்கியிருப்பதன் அடையாளங்கள் அவை.

நரம்புத் தளர்ச்சி என்று சொன்ன உறவினரிடம் ஒன்று சொல்லுங்கள்: அப்படி ஒரு நோய் எங்கள் புத்தகத்தில் இல்லை.

கேள்வி: மூன்று வயது மகனுக்குக் காய்ச்சலில் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. அது வலிப்பா, குளிரா என்று தெரியாமல் திகைத்துப்போனோம். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். குளிரில் நடுங்கும் குழந்தை உங்களைப் பார்க்கும், அழும், ‘குளிருது’ என்று சொல்லும். வலிப்பில் குழந்தைக்கு நினைவிருக்காது. கண்கள் ஒரு பக்கமாகச் செருகியிருக்கும் அல்லது வெறித்திருக்கும். கைகால்கள் வெட்டிவெட்டி இழுக்கும். வாயில் நுரை தள்ளலாம், உடையிலேயே சிறுநீர் போகலாம். நின்ற பிறகு குழந்தை அயர்ந்து தூங்கிவிடும். ஆறு மாதத்துக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட குழந்தைகளுக்குக் காய்ச்சலோடு வலிப்பு வருவதுண்டு. பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும்.

வலிப்பு என்று தோன்றினால் குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸ்தான். முதல்முறை என்றால், நின்றுவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் கைபேசியில் படம்பிடிக்கச் சொல்லுங்கள். அரை நிமிட வீடியோ, பெற்றோர் அரை மணி நேரம் விவரிப்பதைவிட எங்களுக்கு உதவுகிறது. மூன்று மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 100.4 டிகிரியைத் தொட்டாலே, நடுக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கேள்வி: ஐந்து மாதங்களுக்கு முன் எனக்கு மலேரியா வந்து, சிகிச்சை எடுத்துக் குணமானேன். இப்போது மீண்டும் ஒருநாள் விட்டு ஒருநாள், ஏறக்குறைய அதே நேரத்துக்குக் குளிரும் நடுக்கமும் வருகிறது. கொசு கடித்ததாக நினைவில்லை. முதல் ரத்தப் பரிசோதனையில் கிருமி இல்லை என்றும் வந்துவிட்டது. பிறகு இது என்ன?

பதில்: நம் முன்னோர் இதை முறைக்காய்ச்சல் என்று அழைத்ததற்குக் காரணமே நீங்கள் எழுதியிருக்கும் அந்த முறைதான். மலேரியாக் கிருமி சிவப்பணுக்களுக்குள் புகுந்து பெருகி, ஒரு கட்டத்தில் அணுக்களைக் கூட்டமாக உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அந்த நேரத்தில் ரத்தத்தில் சிதறும் கழிவுகள்தான் குளிரை மூட்டுகின்றன. ஒரு தலைமுறை கிருமி வளர்ந்து அணுவை உடைக்க வைவாக்ஸ் வகைக்கு 48 மணி நேரம் ஆகிறது, மலேரியே வகைக்கு 72 மணி நேரம். அந்தக் கணக்குத்தான் ‘ஒருநாள் விட்டு ஒருநாள்’ என்று உங்கள் உடம்பில் தெரிகிறது. அல்ஃபோன்ஸ் லாவெரான் 1880-இல் இந்தக் கிருமியை நோயாளியின் ரத்தத்தில் கண்டார். அணுக்கள் உடைவதும் குளிர் எடுப்பதும் ஒரே வேளையில் நடக்கின்றன என்பதை அதே பத்தாண்டுக்குள் இத்தாலியரான கமில்லோ கோல்ஜி எடுத்துக்காட்டினார். ஆனால் முறை தவறாமல் வந்தால்தான் மலேரியா என்று எண்ணிவிடாதீர்கள். நோய் தொடங்கிய முதல் சில நாட்களில் எந்த வகையும் தாறுமாறாக வரும். உயிருக்கு அதிக ஆபத்தான ஃபால்சிபாரம் வகை பெரும்பாலும் கணக்குக்கு அடங்குவதில்லை.

புதிய கொசுக்கடி இல்லாமலும் வரலாம். வைவாக்ஸ் கிருமியில் ஒரு பகுதி கல்லீரலில் உறங்கிக்கிடந்து, வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து விழித்துக்கொள்ளும். ரத்தத்திலுள்ளதை அழிக்கும் மருந்து இதைத் தொடாது. அதற்குத் தனியாக பிரிமாகுயின் போன்ற மருந்தைக் குறிப்பிட்ட நாட்கள் விடாமல் சாப்பிட வேண்டும். குளிர் நின்றதும் பலர் அதைப் பாதியில் விட்டுவிடுகிறார்கள். (நீங்கள் விட்டீர்களா என்று எழுதவில்லை. மருத்துவரிடமாவது மறைக்காமல் சொல்லுங்கள்.) ஜி6பிடி என்ற நொதி குறைந்தவர்களுக்கு இந்த மருந்து சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதால், அந்தப் பரிசோதனை முதலில் வேண்டும்; கர்ப்பிணிகளுக்கு இதைக் கொடுப்பதில்லை.

ஒருமுறை கிருமி தென்படவில்லை என்பதால் மலேரியா இல்லை என்று முடிவாகாது. 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மூன்று முறையாவது ரத்தப் பூச்சு பார்க்க வேண்டும். மறுபடி மறுபடி ஊசி குத்துகிறார்களே என்று அலுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எனக்கு எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், இன்சுலின் போடுகிறேன். சில நாட்களில் பகல் பதினொரு மணிவாக்கில் கை நடுங்கி, உடம்பு சில்லிட்டுவிடுகிறது. காய்ச்சல் வரப்போகிறதா?

பதில்: நடுங்கும்போது வியர்க்கிறதா என்று பாருங்கள். காய்ச்சலுக்கு முந்தைய நடுக்கத்தில் தோல் வறண்டு, மயிர் சிலிர்த்திருக்கும். வியர்வை எல்லாம் முடிந்த பிறகு கடைசியில்தான் வரும். சர்க்கரை தாழ்ந்து வரும் நடுக்கத்தில் நடுங்கும்போதே நெற்றியும் கழுத்தும் குளிர்ந்த வியர்வையில் நனைந்திருக்கும். கூடவே பசி, படபடப்பு, கண் மங்கல் இருக்கும். உடனே விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸையோ சர்க்கரையையோ நீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை அதே அளவு. கருவி கையில் இல்லை என்றாலும் சந்தேகத்தின் பேரில் குடித்துவிடுவதே நல்லது. நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. ரத்த அழுத்தத்துக்காக பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் வெளியே தெரியாமல் மறைந்துவிடலாம், வியர்வை மறைவதில்லை. அதே வேளையில் அடிக்கடி வருகிறதென்றால் இன்சுலின் அளவையும் நேரத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். அதை நீங்களாகச் செய்யாதீர்கள்.

கேள்வி: வயது 27. கூட்டமான இடங்களிலும் சில சமயம் தூக்கத்திலிருந்து விழித்தும் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, உடம்பு முழுவதும் நடுங்குகிறது. செத்துவிடுவேன் என்று தோன்றுகிறது. எல்லாப் பரிசோதனைகளும் சரியாக இருக்கின்றன. ‘உனக்கு ஒன்றுமில்லை’ என்கிறார்கள்.

பதில்: ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவைப்பது எனக்கு உடன்பாடானது அல்ல. பரிசோதனையில் எதுவும் இல்லை என்பதும் உங்களுக்கு எதுவும் இல்லை என்பதும் ஒன்றாகாது. நீங்கள் விவரிப்பது பீதித் தாக்குதலோடு மிகவும் பொருந்துகிறது. ஆபத்தே இல்லாத வேளையில் உடம்பு அட்ரினலினைக் கொட்டிவிடுகிறது; அந்த நடுக்கம் நடிப்பல்ல, தசைகள் நிஜமாகவே நடுங்குகின்றன. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுத் தணியும். பிறகு காய்ச்சல் ஏறாது. தைராய்டு மிகையாகச் சுரப்பதும் இதே வேடத்தில் வரக்கூடும் என்பதால் அந்தப் பரிசோதனை நடந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நடந்திருந்தால், அடுத்துப் போக வேண்டிய இடம் மனநல மருத்துவர். பேச்சுவழிச் சிகிச்சைக்கும் மருந்துக்கும் நன்றாகக் கட்டுப்படும் நோய் இது.

கேள்வி: என் அண்ணன் பல ஆண்டுகளாகத் தினமும் குடித்துவந்தவர், நேற்று காலை முதல் ஒரேயடியாக நிறுத்திவிட்டார். இன்று கைகள் நடுங்குகின்றன. தாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா?

பதில்: விடக் கூடாது. நிறுத்திய 6 மணி நேரத்திலிருந்தே நடுக்கம் தொடங்கலாம். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை மனம் குழம்பி, இல்லாத உருவங்கள் தெரிந்து, காய்ச்சலும் கூடி உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்தியது நல்ல முடிவு. அதை மருத்துவமனையில், மருந்தின் துணையோடு தொடரட்டும்.

கேள்வி: பிரசவம் முடிந்ததும் என் மகள் பத்துப் பதினைந்து நிமிடம் கிடுகிடுவென்று நடுங்கினாள். ஏதும் தவறு நடந்துவிட்டதா?

பதில்: பிரசவத்துக்குப் பின்னும், மயக்க மருந்து தெளியும்போதும் பலருக்கு இந்த நடுக்கம் வந்து தானாக அடங்கும். மறுநாளோ அதற்குப் பிறகோ காய்ச்சலோடு வந்தால் அது வேறு விஷயம். கருப்பையில் தொற்று இருக்கிறதா என்று அன்றே பார்க்க வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்கு டயாலிசிஸ் தொடங்கி முக்கால் மணி நேரத்தில் நடுக்கம் வருகிறது. கழுத்தில் கதீட்டர் போட்டிருக்கிறார்கள். அறையின் ஏ.சி. குளிர் என்று நினைத்து நானும் போர்வை கொண்டுபோகிறேன். முடிந்து வீட்டுக்கு வந்தால் சரியாகிவிடுகிறது.

பதில்: போர்வை போர்த்திச் சமாளிக்கும் விஷயம் இல்லை இது. கதீட்டருக்குள் கிருமி ஒட்டியிருந்தால், ரத்தம் அதன் வழியே ஓடத் தொடங்கியதும் அது உடம்புக்குள் கழுவப்பட்டு இறங்குகிறது. அதனால்தான் இயந்திரத்தில் இருக்கும்போது மட்டும் நடுங்குகிறது. முதல் நடுக்கம் வந்தவுடனே அங்குள்ள செவிலியரிடம் சொல்லுங்கள். ரத்தக் கல்ச்சர் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். ரத்தம் ஏற்றும்போது நடுங்கினாலும் இதே விதிதான். அங்கு முதல் காரியம் ரத்தம் ஏற்றுவதை உடனே நிறுத்துவது; காரணத்தைப் பிறகு தேடிக்கொள்ளலாம்.

கேள்வி: நடுங்கும்போது வீட்டில் என்ன செய்யலாம்? ஈரத்துணி போடுவதா, கம்பளி போர்த்துவதா என்று எங்கள் வீட்டில் ஒவ்வொரு முறையும் சண்டை நடக்கிறது.

பதில்: இரண்டு தரப்பும் சரிதான், நேரம்தான் வேறு. உதறும்போது போர்த்துங்கள். அந்த வேளையில் ஈரத்துணியைப் போட்டால், ஏற்கெனவே வெப்பம் போதவில்லை என்று தவிக்கும் உடம்பு இன்னும் பலமாக உதறும்; நடுங்கும் உடம்புக்கு ஆக்சிஜன் வழக்கத்தைவிடப் பல மடங்கு தேவைப்படும் என்பதால், இதயமும் நுரையீரலும் பலவீனமானவர்களுக்கு அது வீண் சுமை. நடுக்கம் நின்று உடம்பு கொதிக்கத் தொடங்கியதும் கம்பளிகளை எடுத்துவிட்டு மெல்லிய துணி ஒன்று போதும். நான்கு கம்பளிகளுக்குள் வியர்க்கவைத்தால் காய்ச்சல் இறங்கும் என்பது பிழையான நம்பிக்கை. வியர்த்த பிறகு ஈர உடையை மாற்றி, தண்ணீர் கொடுங்கள். அந்த ஒரு இரவில் உடம்பு இழக்கும் நீர் கொஞ்சமல்ல.

பாராசிட்டமால், ஹைப்போதலாமஸ் உயர்த்திவைத்த அளவைத் தாழ்த்துவதால் குளிரையும் தணிக்கும். ஆனால் வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் பொறுமை இழந்து இரண்டாவது வேளை கொடுத்துவிடாதீர்கள். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் முதல் 1 கிராம் வரை, நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளியில். ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. கல்லீரல் நோயோ குடிப்பழக்கமோ உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு. குழந்தைகளுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்ற கணக்கு. அவர்களுக்கு ஆஸ்பிரின் வேண்டாம். முதியவர்களுக்கும், புற்றுநோய்ச் சிகிச்சையிலோ ஸ்டீராய்டு மருந்திலோ இருப்பவர்களுக்கும் நடுக்கத்துக்குப் பிறகு காய்ச்சல் ஏறாமலே போகலாம். அவர்களைப் பொறுத்தவரை, ஒருமுறை உடம்பு தூக்கிப்போட்டாலே, தெர்மாமீட்டர் என்ன சொன்னாலும், மாத்திரை கொடுத்துத் தூங்கவைக்காமல் புறப்பட்டுவிடுங்கள். புறப்படும்போது, குளிர் தொடங்கிய நேரமும் நின்ற நேரமும் குறித்த அந்தத் தாளை மறந்துவிடாதீர்கள்.